கீழே ஒரு சின்னக் கட்டம்

“லிஃப்டுக்கு நாலாவது மாடின்னா எதுன்னு யாருப்பா சொல்லிக் குடுத்தாங்க?”

சின்னவள் இதைக் கேட்டபோது அவளுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா சிரிக்கவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்று தட்டிக்கழிக்கவும் இல்லை. விடுமுறை நாளில் ஒரு பெரிய கட்டடத்தின் உச்சி அறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். இரும்புப் பெட்டியின் கதவைத் திறந்து, கீழே யாராவது பொத்தானை அழுத்தும்போதெல்லாம் உள்ளே டக்கென்று எது எதோடு போய் ஒட்டுகிறது என்று காட்டினார். அவள் கேட்டதையே கேட்டாள். அவர் சொன்னதையே சொன்னார். சாப்பாட்டு நேரம் தாண்டிப்போனது இருவருக்குமே தெரியவில்லை.

அந்த அப்பாவை இப்போது முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். சின்னவள் உள்ளறையில் அவருடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சட்டம் போட்டு வைக்க ஒரு நல்ல படம் தேடிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் கதவிடுக்கில் தலையை நீட்டினான். “கெடச்சுதா? ஸ்டூடியோக்காரரு வாசல்ல நிக்கிறாரு. கம்ப்யூட்டர் படிச்சவளாச்சேன்னு உன்ன அனுப்பினேன் பாரு, என்னச் சொல்லணும்.”

“மெதுவாத்தான் தொறக்குது.”

“அப்பா மாதிரியே. ரெண்டு தடவ கூப்பிட்டாத்தான் திரும்புவாரு.” சொல்லிவிட்டு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனான்.

அப்பா கம்ப்யூட்டரில் எதையும் எடுத்து அடுக்குகிறவர் அல்ல. இறக்கியதெல்லாம் இறங்கிய இடத்திலேயே கிடக்கும். கல்யாணப் படங்கள், லிஃப்ட் கம்பெனி விளம்பரம், யாரோ அனுப்பிய காலை வணக்கம், எல்லாம் ஒரே குவியல். அந்தக் குவியலுக்குள் ஒரே கோப்பு திரும்பத் திரும்ப இருந்தது. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் மொழியான பைத்தானை நிறுவும் கோப்பு. இறக்கியிருக்கிறார், நிறுவியிருக்கிறார், ஓடவில்லை, நீக்கியிருக்கிறார், மறுபடி முதலிலிருந்து இறக்கியிருக்கிறார்.

என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. நிறுவத் தொடங்கும்போது வரும் முதல் பக்கத்தில், கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட வேண்டும். போடாவிட்டால் எல்லாம் சரியாக நிறுவப்படும். ஆனால் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் பைத்தான் என்று அடித்தால், அப்படி ஒருவரைத் தெரியாது என்று கம்ப்யூட்டர் கைவிரித்துவிடும். லிஃப்ட் பெட்டி இருக்கிறது, பொத்தானும் இருக்கிறது, நடுவில் ஒயர் போகவில்லை, அவ்வளவுதான். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் முதல் நாளே போய் முட்டிக்கொள்ளும் இடம் இது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அவளே எத்தனையோ முறை சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அப்பா போன மாதம் போன் செய்தார். “சின்னவளே, அந்தப் பைத்தான் ஒண்ணு போட்டேம்மா. என்னத் தெரியவே தெரியாதுங்குது. வீடியோவுல சொல்லித் தர்ற பையன் அடிச்சா மட்டும் ஓடுது.”

அம்மா பக்கத்திலிருந்து, “பாம்புப் பேரா வெச்சிருக்காங்க, வீட்டுக்குள்ள விடாதீங்கன்னா கேக்கிறாரா?” என்றது கேட்டது.

அதற்கு முந்தின தடவைகளில், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. அன்றைக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. இனி எப்போதும் கேட்காத மாதிரி ஒரு பதிலைத் தேடினாள். அது சுலபமாகவே கிடைத்தது.

“அப்பா, அது நான் வெச்சிருந்த பழைய கம்ப்யூட்டர்ப்பா. அதுல இதெல்லாம் ஓடாது.”

“ஓடாதா? சரிம்மா. அதுக்கும் வயசாச்சு, அதச் சொல்லிக் குத்தமில்ல. நீ வேலையப் பாரு.”

அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை.

கடவுள் நம்மிடம் கேட்கிற வேலைகள் பெரும்பாலும் சின்னதாகத்தான் வருகின்றன. சின்னதுதானே என்று நாமும் தள்ளிவைத்துவிடுகிறோம்.

அவள் ஒரு படத்தை எடுத்தாள். நீலச் சட்டை, பையில் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர், யாரையோ பார்த்துச் சிரிப்பு. அதை அனுப்பிவிட்டு எழுந்திருக்கும்போது அம்மா சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பார்வை மங்கிய பிறகு அம்மாவின் நடை அப்படித்தான்.

“இது முன்னாலயேதான் உக்காந்திருப்பாரு,” என்றாள் அம்மா. “எனக்கு மாத்திர டப்பாவுல எழுதியிருக்கறது தெரியலன்னு, எந்த வேளைக்கு எதுன்னு அதுவே பெருசா எழுதிக் காட்டற மாதிரி செஞ்சு தர்றேன்னாரு. ஏங்க, பெரிய தாள்ல எழுதி ஒட்டுனாப் போதாதான்னு கேட்டேன். தாளுக்கு மணி தெரியுமாங்கறாரு.”

சின்னவள் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்புறம் நீ ஓடாதுன்னு சொன்னேன்னு விட்டுட்டாரு. வேற யாரையாவது கேளுங்களேன்னேன். அவ வேலையே அதுதான், அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டாரு.”

வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அண்ணன் கூப்பிட்டான். சின்னவள் அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். எழுந்த பிறகும் அந்தக் கையை விடவில்லை.

“தைரியமா இரு,” என்று அம்மா அவளுக்குச் சொன்னாள்.

மறுநாள் விடிந்தும் வீடு எழுந்திருக்கவில்லை. உறவுக்காரர்கள் முன்னறையில் படுத்த இடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவர் நிறுவியிருந்ததை நீக்கினாள். அவர் இறக்கி வைத்திருந்த கோப்பையே எடுத்து மறுபடி நிறுவத் தொடங்கினாள். முதல் பக்கம் வந்தது. கீழே அந்தச் சின்னக் கட்டம். டிக் போட்டாள். அதற்குக் கண் மூடித் திறக்கும் நேரம் கூட ஆகவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வேலையை முடித்தது.

கறுப்புத் திரையில் பைத்தான் என்று அடித்தாள். அது தெரியும் என்றது.

அப்பா எழுதியதும் அங்கேயே இருந்தது. வீடியோவைப் பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறார். மணி இதற்குள் என்றால் இந்த மாத்திரை, அதைத் தாண்டினால் அது. மாடி மாடியாக யோசித்துப் பழகியவரின் எழுத்து. ஓட்டிப் பார்க்க வழியில்லாமலே அத்தனையையும் எழுதி வைத்திருந்தார். ஒரு வரியின் கடைசியில் அடைப்புக்குறி மூடாமல் விட்டுப்போயிருந்தது. சின்னவள் அதை மட்டும் மூடினாள். இன்னும் சுருக்கமாக எழுதலாம் என்று கை தானாகப் போனது, கையை இழுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரைப் போட்டதும் அது தானாக வரும்படி வைத்தாள். இறங்கிக் கிடந்த கோப்புகளில் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. எல்லாவற்றையும் அணைத்து, மறுபடி போட்டுவிட்டு, சமையலறைக்குப் போய்ப் பால் காய்ச்சினாள்.

பால் பொங்கி வரும்போது அம்மாவின் குரல் கேட்டது.

“சின்னவளே, இங்க வா.”

அம்மா திரைக்கு நேராக நின்றிருந்தாள். வெள்ளைத் திரையில் ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. காலை. வெள்ளை மாத்திரை. சாப்பிட்ட பிறகு.

“எனக்கே தெரியுது,” என்றாள் அம்மா. “செஞ்சு முடிச்சுட்டாரு. எங்கிட்டக்கூடச் சொல்லல பாரு அந்த மனுசன்.”

தூக்கக் கலக்கத்தோடு வந்த அண்ணன் அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “இதெல்லாம் அப்பா போட்டதா? ஏன்டி, நீ இதுல ஓடாதுன்னியாமே. இதுக்கு உனக்குச் சம்பளம் வேற.”

“அப்பா போட்டதுதான்,” என்றாள் சின்னவள். “நான் சொன்னதுதான் தப்பு.”

அடுப்பில் பால் வழிகிற வாடை வந்தது. அவள் ஓடிப்போய் அணைத்தாள். அடுப்பைத் துடைத்துவிட்டு, ஒரு தட்டில் ரொட்டியும் தம்ளரில் பாலும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அண்ணன் போயிருந்தான். அம்மா இன்னும் அதே இடத்தில் நின்றிருந்தாள். ஒரு விரலை நீட்டி, லிஃப்ட் பொத்தானை அழுத்துகிற மாதிரி முதல் எழுத்தின் மேல் மெல்ல வைத்துக்கொண்டு, காத்திருந்தாள்.