இரண்டு விரல் இடைவெளி

மத்தியாஸின் காரை அவர் உடலோடு, ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்ற குட்டையிலிருந்து வெளியே தூக்கியபோது, ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. ஊர் பேசுவதற்கு அது போதும். தப்பிக்க நினைத்தவன் முழுசாக இறக்கியிருக்க மாட்டானா என்றார்கள். வேண்டுமென்றே காரைக் குட்டைக்குள் விட்டிருக்கிறான் என்றார்கள்.

அந்தப் பேச்சைத் தாங்க முடியாமல்தான் அவர் மனைவி அகதா ஈப்போவில் இருந்த எங்கள் பட்டறைக்கு வந்தாள். எண்பத்து நான்காம் வருஷம், மழைக்காலம்.

"காலையில எங்களுக்குள்ள சண்டைண்ணே. தம்பி வீட்டுக்குப் போறேன், இனிமே வரமாட்டேன்னு கெளம்பினாரு. பொழுது சாயற நேரம் குட்டையில கெடந்தாரு. கண்ணாடிய சரி பண்ணுங்க. பண்றப்ப ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க. வெளியே வரப் பாத்தாரா, இல்ல சும்மா உக்காந்திருந்தாரா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை. கண்ணாடியை இறக்கச் சுற்றும் கைப்பிடி இல்லை, சுவிட்ச்தான். என்ஜினையெல்லாம் வேறு ஆட்கள் பிரித்துக் காயவைத்து ஓடவிட்டிருந்தார்கள். மின்சார வேலை மட்டும் என்னிடம் வந்தது.

முதல் நாள் சாயங்காலம் அந்தக் கண்ணாடியைக் கையால் தூக்கி மூடிவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் இரண்டு விரல் இறங்கியிருந்தது. மறுபடி மூடினேன். மறுநாளும் அதே இரண்டு விரல்.

பக்கத்தில் தகரம் தட்டும் மாயாண்டி தள்ளி நின்றே பேசினான். "பத்துமலை அண்ணே, அவரு இன்னும் சீட்டுலதான் இருக்காரு லா. மோட்டார் உறுமுற சத்தம் எனக்கே கேட்டுச்சு."

"பேட்டரிய கழட்டி அலமாரியில வச்சிருக்கேன்டா. எதுல உறுமும்?"

"அதான் லா நானும் கேக்குறேன்."

சிரித்தேன். ஆனாலும் அன்றைக்கு இருட்டுவதற்கு முன்பே பட்டறையைப் பூட்டினேன்.

கதவைப் பிரித்த அன்று அகதா வந்து எண்ணெய் டின் மேல் உட்கார்ந்துகொண்டாள். கழற்றும் சாமானைக் கழற்றிய வரிசையிலேயே பழைய பேப்பரில் பரப்பி வைப்பது என் பழக்கம். வண்டிக்காரர் பார்த்தால் நோய் இன்னதென்று அவருக்கே புரியும். திருகுகள், உள்பலகை, அதன் பின்னால் சேறு, பிறகு மோட்டார்.

"கதவுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சாதான் நான் சொல்றது வெளங்கும் தங்கச்சி" என்று காட்டினேன். மோட்டாரின் அச்சு, திருகுபோல் மரை வெட்டிய ஒரு தண்டு. அது அழுத்திய நாரால் ஆன ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரத்தோடு சேர்ந்து ஒரு சின்ன எஃகுச் சக்கரம் சுற்றும். எஃகுச் சக்கரம், விசிறி வடிவில் இருக்கும் பெரிய தகட்டின் பற்களைத் தள்ளும். தகடு ஆடினால் அதில் பொருத்திய கை ஆடும். அந்தக் கையின் நுனியில்தான் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது. ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே மோட்டார்தான். இரண்டு கம்பியிலும் மின்சாரம் வரும் திசையை சுவிட்ச் மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான்.

மோட்டாரின் மூடியைத் திறந்தேன். நார்ச் சக்கரத்தில் ஒரு பக்கத்துப் பற்கள் மாவாகியிருந்தன.

"கண்ணாடி ஏறுறப்ப பல்லோட இந்த முகம் தேயும். எறங்குறப்ப அந்த முகம். இங்க அரைஞ்சு போனது எறக்குற முகம். மோட்டாருக்குள்ள கம்பிச் சுருளும் கருகியிருக்கு. தண்ணிக்குள்ள போனாலும் பேட்டரிக்குக் கொஞ்ச நேரம் உயிர் இருக்கும். அந்த நேரம் முழுக்க அவரு சுவிட்ச்ச விடவே இல்ல."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "அப்ப ஏன் எறங்கல?" என்றாள்.

கதவின் அடியில் கைவிட்டுத் துழாவினேன். சேற்றோடு காசுகள் வந்தன, எல்லாம் கறுத்துப்போனவை. ஒன்று மட்டும் எஃகுச் சக்கரத்துக்கும் விசிறித் தகட்டுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. சக்கரத்துக்குக் கீழே கல்லை வைத்தது மாதிரி. நார்ச் சக்கரத்தின் பல் மாவானதால் கண்ணாடியைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை; மேலே தூக்கலாம், விட்டால் தன் பாரத்தில் மெல்ல இறங்கி, காசு தடுக்கிற இடத்தில் நின்றுவிடும். அந்த இடம் சரியாக இரண்டு விரல். பட்டறையில் தினமும் நடந்ததும் இதுதான். எனக்கு மனசு லேசானது. அவளைப் பார்த்ததும் மறுபடி கனத்தது.

அவள் காசுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முனியாண்டிக்குப் போட்டது" என்றாள்.

தோட்டத்து முக்கில் முனியாண்டி கோயில் இருக்கிறது. அதைத் தாண்டினால் குட்டை, குட்டையைத் தாண்டினால் அவர்கள் வீடு. அங்கே வளர்ந்தவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கோயிலைக் கடக்கும்போது காரிலிருந்தே ஒரு காசை வீசுவார்கள்.

"ஞாயித்துக்கெழம பூசைக்கு முன்வரிசையில நிக்கிறவருண்ணே. உங்களுக்கு எதுக்கு முனின்னு கேட்டா, 'மாதா வீட்டப் பாத்துக்குவாங்க, ரோடு முனியோட டிப்பார்ட்மெண்ட்டு லா'ம்பாரு. கண்ணாடிய முழுசா எறக்கவும் சோம்பேறித்தனம். ரெண்டு விரல் எறக்கி, அந்தச் சந்துல தள்ளுவாரு."

தள்ளியதில் பாதி, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே கதவுக்குள் விழுந்திருக்கிறது. முனிக்குப் போய்ச் சேர்ந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அன்னிக்குக் காலையில கண்ணாடி வேல செஞ்சுச்சா?"

"செஞ்சுச்சே. முழுசா எறக்கி, 'எனக்குச் சோறு வைக்காத'ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

"வீட்டுலேருந்து கெளம்புறப்ப கோயில் எந்தப் பக்கம்?"

"எடப்பக்கம்." சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள்.

ஓட்டுகிறவர் உட்காருவது வலப்பக்கம். போகும்போது அவர் கைக்குக் கோயில் எட்டாது. திரும்பி வரும்போதுதான் அது அவர் பக்கம். காலையில் முழுசாக இறங்கிய கண்ணாடியை அடைத்த காசு, அதற்குப் பிறகு விழுந்த காசு.

பேப்பரில் எல்லாம் வரிசையாக இருந்தது.

"வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்திருக்காரு" என்றாள் அகதா. "நான் சோறு வைக்கலண்ணே."

அந்தக் காசை எடுத்துத் துடைத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

புது மோட்டார், புது சுவிட்ச், புதுக் கம்பி போட்டேன். காரைக் கொண்டுபோய் விட ஒரு சாயங்காலம் நான் ஓட்டினேன். அகதா பக்கத்தில் இருந்தாள். மழை விட்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே புகை மாதிரி ஈரம் நின்றது. கோயில் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அந்தக் காசை என்னிடம் நீட்டினாள்.

"முழுசா எறக்கிப் போடுங்க. உள்ள விழுந்துரப் போவுது."

கண்ணாடியை அடிவரை இறக்கி, கையை வெளியே நீட்டிப் போட்டேன். கல்லில் பட்டு ஒலித்தது. கண்ணாடியை ஏற்ற சுவிட்ச்சில் விரல் வைத்தேன்.

"மூடாதீங்கண்ணே. குட்டையத் தாண்டுற வரைக்கும் தொறந்தே இருக்கட்டும்."

மெதுவாக ஓட்டினேன். குட்டை வலப்பக்கம் வந்தது. திறந்த ஜன்னல் வழியாகச் சேற்று வாடை வந்து முகத்தில் நின்றது. குட்டை பின்னால் போய், அவர்கள் வீட்டு விளக்கு தெரிந்தது.

அப்போது கதவுக்குள் மோட்டார் உறுமியது. என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. கண்ணாடி நிதானமாக ஏறி, மேல் ரப்பரில் பதிந்து நின்றது.

சுவிட்ச்சைத் தொடாமல் ஒரு கண்ணாடி ஏறுவதற்கு என்னென்ன காரணம் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியும். சுவிட்ச்சுக்குள் ஈரம், கம்பித் தோல் உரிந்து இன்னொன்றில் படுவது, கதவு மூலையில் கம்பி நசுங்குவது. மறுநாள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அகதா அன்று வாசலில் இறங்கி, கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள், பின்னால் ஒருவர் இறங்குவதற்கு இடம் விடுவதுபோல. பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.