மூன்றாவது அடி

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். காதில் பாட்டு இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. கைக்கு விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. காதுக்கு உலகம் பூராவும் வேலை. பனிக்கடலில் வலை இழுப்பவர்களின் பாட்டு, ஒட்டகங்களுக்குத் தண்ணீர் இறைப்பவர்களின் பாட்டு என்று எங்கெங்கிருந்தோ தேடிப் பிடிப்பாள். வாரம் ஒரு பாட்டு. முன்னால் தன் குரலில் நாலு வார்த்தை சொல்லி, இணையத்தில் தன் பக்கத்தில் போடுவாள். முந்நூறு பேர் கேட்டால் பெரிது. கட்டிய கணவனே "அடுத்த வாரம் கேக்கறேன்" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

விரிப்புகளைத் தேய்க்கும் உருளை மெஷினில் நின்றவளை 'நீராவி' என்றார்கள். ஆறு வருடத்துக்கு முன் மூன்று வயது மகளோடு வேறு தேசத்திலிருந்து வந்தவள். இந்த ஊர்ப் பேச்சு நாக்கில் நன்றாகவே படிந்துவிட்டது. ஒருநாள் மெஷினின் சத்தத்துக்குள் அவள் ஏதோ முணுமுணுக்க, ரேடியோவின் கை அப்படியே நின்றது.

"என்ன பாட்டு அது?"

"மாவு அரைக்கிறப்போ எங்கம்மா பாடுவாங்கக்கா."

"நான் பதிஞ்சுக்கட்டுமா? என் பக்கத்துல போடறேன்."

நீராவி கொஞ்சம் யோசித்தாள். "முகம் வேணாம். பேர் வேணாம்."

ரேடியோ இரண்டையும் போடவில்லை. ஆனால் 'எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், வேலைக்கு நடுவே பாடியது' என்று பெருமையாக எழுதினாள். எந்த ஊரில் இருக்கிறாள் என்பதை அவள் பக்கத்தில் யாரும் பார்க்கலாம்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. பத்து நாளில் நாற்பதாயிரம் பேர் கேட்டார்கள். யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கங்களிலும் போட்டார்கள். பதினோராம் நாள் ஒருவன் எழுதினான்: 'இது எங்கள் பள்ளத்தாக்கின் பாட்டு. இதில் மூன்றாவது அடி மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். மாமியார் மருமகளுக்குச் சொல்லிக் கொடுப்பது. இந்த அடி எங்கள் வீட்டு அடி. பாடியது என் அண்ணி. ஆறு வருடமாக அண்ணன் தேடுகிறார். உங்கள் ஊருக்கே வந்துவிட்டோம். எந்த மருத்துவமனை, சொல்வீர்களா?'

ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் பக்கத்தால் ஒரு குடும்பம் சேரப்போகிறது! மறுநாள் காலை வேலைக்கு வந்ததும் நேராக உருளை மெஷினுக்கு ஓடினாள்.

"உன்னைத் தேடறாங்கடி! உன் வீட்டுக்காரரோட தம்பி எழுதியிருக்காரு! அந்த மூணாவது அடியை வச்சே கண்டுபிடிச்சிட்டாரு!"

நீராவியின் கையிலிருந்த விரிப்பு நழுவி உருளைக்குள் சுருண்டு சிக்கியது. மெஷின் கத்தியது. அவள் அதை நிறுத்தக்கூட இல்லை. முடியை ஒதுக்கிக் காட்டினாள். வலது காதில் பாதி இல்லை.

"இது அவர் பண்ணதுக்கா. தம்பிதான் என்னைப் பிடிச்சுக்கிட்டான்."

ரேடியோ அந்த நிமிடமே பாட்டை எடுத்துவிட்டாள். அவசரத்தில் இரண்டு முறை தவறான இடத்தை அழுத்தினாள். மதியம் சாப்பாட்டு வேளையில் அவள் போனுக்கு இன்னொரு செய்தி வந்தது. 'ஏன் எடுத்துட்டீங்க? பரவாயில்லை, நாங்களே கண்டுபிடிச்சிட்டோம்.' கூடவே ஒரு படம். மருத்துவமனையின் முன்வாசல். வெயிலும் நிழலும் அன்றைய மதியத்துடையவை.

நீராவி சுவரோடு ஒட்டி நின்றாள். "மூணு மணிக்கு என் பொண்ணுக்கு ஸ்கூல் விடும்."

சூப்பர்வைசர் எல்லாவற்றுக்கும் எரிந்து விழுகிற மனிதர். அன்று மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. "அழுக்குத் துணி ஏத்திட்டு வந்த வேன்ல ஏறு. அந்த நாத்தத்துக்கு எவனும் கிட்ட வர மாட்டான்," என்றார். ரேடியோவிடம் திரும்பினார். "நீ போய்க் கொழந்தையக் கூட்டிக்கிட்டு வா. வண்டி ஸ்கூல் பின்னாடி நிக்கும்."

முன்வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் தேய்த்த சட்டை போட்டு, கையில் புத்தம்புதிய பொம்மையோடு இருந்தான். இன்னொருவன் ரேடியோவைப் பார்த்துச் சிரித்தான். அவள் சீருடையைப் பார்த்திருக்க வேண்டும்.

"சலவை பண்ற இடம் எந்தப் பக்கம்மா?"

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பேசுவது அவள் குரல். ஒரு குரலை வைத்து இத்தனை தூரம் வந்தவன் அவன். வாயைத் திறந்தால் தீர்ந்தது.

தொண்டையைத் தொட்டு, பேச வராது என்பதுபோல் கையை ஆட்டினாள். சவக்கிடங்கு இருக்கும் பக்கத்தைக் காட்டினாள். அவன் இரண்டு விநாடி அவள் முகத்தையே பார்த்தான். பிறகு பொம்மைக்காரனின் தோளைத் தட்டி அந்தப் பக்கம் நடந்தான். அவள் ஓடவில்லை. தெருமுனை திரும்பும்வரை நடந்து, அதற்கப்புறம் ஓடினாள்.

வண்டியிலிருந்து நீராவி பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து சொல்லியிருந்தாள். ஒன்பது வயதுக்காரி பையை மாட்டிக்கொண்டு வந்தாள். ரேடியோவின் முகத்தைப் பார்த்தவுடனே கேட்டாள், "எங்களைக் கண்டுபிடிச்சிட்டாங்களா?"

எத்தனை நாளாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்ததோ அந்தக் குழந்தை. ரேடியோ அதன் கையை இறுக்கிப் பிடித்தாள். பின்தெருவுக்கு வேகமாக நடத்திக் கூட்டிப்போனாள்.

வண்டியில் அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே தாயும் மகளும் ஒட்டி உட்கார்ந்தார்கள். ரேடியோ மன்னிப்புக் கேட்கத் தொடங்குவதற்குள் நீராவியே பேசினாள்.

"அந்த மூணாவது அடி அந்த வீட்டோடதுன்னு எனக்கும் தோணலைக்கா. ஆறு வருஷமா வாயில இருந்தது. என்னோடதுன்னே நினைச்சுட்டேன்."

பெண்களுக்கான காப்பகம் ஒன்று அவர்களை அன்று மாலையே வேறு ஊருக்கு அனுப்பிவிட்டது. எந்த ஊர் என்று ரேடியோவுக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மறுநாளும் அந்த இருவர் வந்தார்கள். போலீசைக் கூப்பிடுவேன் என்று சூப்பர்வைசர் கத்தியதில் போனார்கள். போனார்களா, எதிர்த் தெருவில் நிற்கிறார்களா என்று யாருக்கும் தெரியாது.

பாட்டை எடுத்துப் போட்ட ஒவ்வொருவருக்கும் ரேடியோ எழுதினாள். சிலர் நீக்கினார்கள். பலர் பதிலே சொல்லவில்லை. ஒருவர், 'நாட்டுப்பாட்டு யாருக்கும் தனிச்சொத்து இல்லை' என்று பாடம் நடத்தினார். அதையே அவளும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

இரண்டு மாதம் கழித்துப் பேருந்தில் போகும்போது பின்சீட்டில் யாருடைய போனிலோ நீராவியின் குரல் ஒலித்தது. யாரோ அதற்குத் தாளமும் சேர்த்திருந்தார்கள். ரேடியோ திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் நாலு நிறுத்தம் இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள்.