எஸ்கலேட்டருக்கு எதிரே நின்றவர்

மகளோடு பேச்சை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்தா அவளைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போகும் வேலை அவர் தலையில் வந்து விழ வேண்டும்?

"உங்களுக்கு எப்படியும் டெஸ்ட் எடுக்கணும். அவளையும் கூட்டிட்டுப் போங்க. தலைவலி தலைவலின்னு உயிரை எடுக்கிறா" என்றாள் மனைவி.

"போனை மூக்குல ஒட்டிக்கிட்டே இருந்தா தலைவலி வராம என்ன வரும்? உன் பொண்ணுகிட்ட சொல்லு."

"அவ இங்கதான் நிக்கிறா. நீங்களே சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஒரே வீட்டில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கும் பெண்ணுக்கு அம்மா வழியாகத் தகவல் அனுப்புவது எவ்வளவு பெரிய கோமாளித்தனம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் வீம்பு என்று வந்துவிட்டால் மனிதர் கல்லுப்பிள்ளையாராட்டம் உட்கார்ந்துவிடுவார்.

ஊரிலேயே பெரிய வணிக வளாகம் ஒன்றில் அவர் காவலாளி. கீழ்த்தளத்தில், எஸ்கலேட்டர் வந்து இறங்கும் இடத்துக்கு நேர் எதிரே, கூடத்தின் அந்தக் கோடியில் பெரிய கண்ணாடிக் கதவு இருக்கிறது. அதன் பக்கத்தில் நிற்பதுதான் வேலை. நீல வண்ணச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, தலையில் தொப்பி. வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் காவலாளிகளும் பார்வைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அதை எடுத்துக்கொள்ளலாம். குடும்பத்தில் ஒருவரையும் கூட அழைத்து வரலாம்.

இந்த வேலைக்கு முன்னால் அவர் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அது இழுத்து மூடப்பட்ட பிறகு கிடைத்தது இது. சாதாரணச் சட்டையில் வேலைக்கு வந்து, உடை மாற்றும் அறையில் சீருடைக்கு மாறி, கிளம்பும்போது மறுபடியும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார். துவைக்கக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அந்த நீலச் சட்டையில் அவரை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. காரணம் கேட்டால், பேருந்தில் கசங்கிவிடும் என்பார்.

அன்று காலை உடை மாற்றும் அறை வழக்கம்போல் கலகலவென்று இருந்தது.

"அப்பா வந்துட்டாருடா, வழி விடுங்க!"

உள்ளே வந்தவன் நெட்டையன். கார் நிறுத்தும் பக்கத்து வாசலில் நிற்பவன். கல்யாணமே ஆகவில்லை, ஆனால் வளாகம் முழுவதும் அவனுக்கு 'அப்பா' என்றுதான் பெயர். யாரோ ஒரு பெண் ஓடிவந்து "அப்பா!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாளாம். அவன் திரும்பியதும் அலறி அடித்துக்கொண்டு ஓடிவிட்டாளாம். இதை அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வந்து சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து அந்தப் பெயர் பசைபோட்டு ஒட்டியதுபோல் ஒட்டிக்கொண்டது.

அவன் அதைச் சொன்ன நாளில் அறையே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காதவர் இவர் ஒருவர்தான். "பெத்தவனை அடையாளம் தெரியாத கழுதை. எந்த வீட்டுல வளர்ந்துச்சோ" என்று மட்டும் சொன்னார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு அவர் இருந்த மனநிலை அப்படி. மகள்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லும் நிலையில் அவர் இல்லை.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை மாலை, நல்ல கூட்டம். எஸ்கலேட்டரில் அவர் மகள் இறங்கி வந்தாள், கூடவே கல்லூரித் தோழிகள் மூன்று பேர். முதலில் அவர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கத்தான் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, என் பிள்ளைதானே, எனக்கென்ன என்று நிமிர்ந்து நின்று கையைத் தூக்கினார். மகள் நேராக அவரைப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, முகத்தைச் சுளித்தாள். பிறகு தோழிகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டாள்.

தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவ்வளவுதான், அன்றோடு பேச்சு நின்றது. கதவு திறக்கிற அப்பனைத் தோழிகளுக்குக் காட்ட வெட்கமாக இருக்கிறது மகாராணிக்கு. இருக்கட்டும். மனைவியிடம்கூட அவர் காரணத்தைச் சொல்லவில்லை. சொல்ல வெட்கம்.

ஆகவே பரிசோதனை நாளன்று அவர் ஒரு காரியம் செய்தார். இடைவேளையில்தான் போவது என்று ஏற்பாடு. உடை மாற்ற நேரமும் இருந்தது. ஆனால் மாற்றவில்லை. சட்டையை நன்றாக இழுத்துவிட்டு, தொப்பியையும் வைத்துக்கொண்டு, அதே கோலத்தில் போய்க் கடையில் முன்பே வந்து காத்திருந்த மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்கப்படட்டும், நன்றாக வெட்கப்படட்டும்.

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கொஞ்சம் கிட்டே சாய்ந்தே பார்த்தாள்.

"தொப்பி உங்களுக்கு நல்லா இருக்குப்பா" என்றாள்.

கிண்டலா? அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டங்களை முறைத்தார்.

பரிசோதிக்கும் பெண் உள்ளே கூப்பிட்டாள். சின்ன அறை, மங்கலான விளக்கு, சுவரில் எழுத்துப் பலகை. அவர் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டதற்கு, "டாக்டர் இல்ல சார், கண் பரிசோதகர்தான்" என்று சிரித்தாள். அவருக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. தூரப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தார். கிட்டத்தில் படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும் என்றாள்.

"இந்த வயசுக்கு உங்க பார்வை ரொம்ப நல்லா இருக்கு. எதுவும் உங்க கண்ணுல இருந்து தப்பாது போல."

"வேலையே அதுதானே மேடம்" என்றார் பெருமையாக. மூலையில் இருந்த முக்காலியில் போய் உட்கார்ந்தார்.

அடுத்தது மகள். முகவாயைத் தாங்கியில் வைத்து மெஷினுக்குள் பார்த்தாள். அது காட்டிய எண்ணைப் பார்த்துப் பரிசோதகர் புருவத்தைத் தூக்கினாள். பிறகு ஒரு கண்ணை மறைத்துப் பலகையைப் படிக்கச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெரிய எழுத்தை மகள் சொன்னாள். இரண்டாவது வரியில் திக்கினாள்.

"கண்ணைச் சுருக்காம பாரும்மா."

"சுருக்கலைன்னா ஒண்ணுமே தெரியல மேடம்."

முக்காலியிலிருந்து குரல் வந்தது. "நடிக்கிறா மேடம். இந்த வயசுல கண்ணாடி போட ஆசை. அவளுக்கு எல்லாம் நல்லாத் தெரியும். சில ஆளுங்களைத்தான் தெரியாது."

மகள் திரும்பிப் பார்த்தாள். அந்த மங்கலான வெளிச்சத்தில் அவள் முகம் ஒன்றும் புரியாமல் விழித்தது.

"கொஞ்சம் பேசாம இருங்க சார்" என்றாள் பரிசோதகர். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. "மெஷினுக்கு நடிக்கத் தெரியாது."

பிறகு வட்டமான கனத்த சட்டத்தை மகளின் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாகச் செருகினாள். இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் மகள் வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாவது வரி, நான்காவது வரி, கடைசி வரி. வாசித்து முடித்துவிட்டுச் சிரித்தாள். "இவ்வளவு எழுத்தா இருந்துச்சு அங்க?"

"இத்தனை நாள் காலேஜ்ல எப்படிப் படிச்சே?"

"முதல் பெஞ்சுல உட்காருவேன் மேடம். மீதியைப் பக்கத்துல இருக்கிறவளைப் பார்த்து எழுதிப்பேன். பஸ் நம்பர் யார்கிட்டயாவது கேட்டுப்பேன். எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன்."

முக்காலியில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

"இதோட கொஞ்சம் வெளியே நடந்து பாரும்மா. தரை ஒத்துக்குதா, தலை சுத்துதான்னு பார்க்கணும். சார், நீங்களும் வாங்க" என்றாள் பரிசோதகர். கடை வாசலுக்கு வந்ததும் கையில் கொண்டுவந்திருந்த ஒரு வில்லையை அவரிடம் நீட்டினாள். "ஒரு கண்ணை மூடிக்கிட்டு இதை மறு கண்ணு முன்னால பிடிச்சுப் பாருங்க. உங்க பொண்ணு கண்ணாடி இல்லாம பார்த்தா கிட்டத்தட்ட இப்படித்தான் தெரியும்." சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

கடை இருந்தது எஸ்கலேட்டர் வந்து இறங்கும் இடத்திலேயே. அங்கே நின்று அவர் வில்லையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். தினமும் பார்க்கும் கூடம் தண்ணீர் ஊற்றிய ஓவியம்போல் கலைந்து கிடந்தது. ஆட்கள் இல்லை, நிறங்கள்தான் நகர்ந்தன. முகம் என்று ஒன்று யாருக்கும் இல்லை. அந்தக் கோடியில் கண்ணாடிக் கதவு வெள்ளையாகக் கசிந்தது. அதன் பக்கத்தில், அவர் தினமும் நிற்கும் இடத்தில், நீலமாக ஒரு கறை. அவ்வளவுதான். அது ஆண் என்றோ பெண் என்றோ சொல்ல முடியாது. அது கையைத் தூக்கினாலும் தெரியாது.

வில்லையை இறக்கினார். மறுபடி பிடித்துப் பார்த்தார். நீலக் கறை அப்படியே இருந்தது.

மண்டையில் அப்போதுதான் முழுதாக உறைத்தது. அவள் தன்னைப் பார்க்கவே இல்லை. முகத்தைச் சுளித்தது அருவருப்பில் இல்லை. பாவம், கண் தெரியாமல் சுருக்கியிருக்கிறாள். அவளுக்கு வெட்கம் என்று தான் முடிவு கட்டிய அந்தச் சட்டையை இத்தனை காலமாக ஒளித்து ஒளித்துக் கழற்றி வைத்தது யார்? வெட்கம் முழுக்கத் தன்னுடையது. அதைப் பிள்ளை தலையில் தூக்கி வைத்து, அதற்காக அவளையே தண்டித்துக்கொண்டும் இருந்திருக்கிறார்.

மகளோ அந்த அசட்டுச் சட்டத்தோடு உலகத்தையே புதிதாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிக் கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தாள். வாசித்துக்கொண்டே கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பியவள், "ஐயையோ" என்று சட்டென்று அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"என்னம்மா? என்னாச்சு?"

கேட்டபிறகுதான் அவருக்கே தெரிந்தது, நேருக்கு நேர் பேசிவிட்டோம் என்று. அவளுக்கும் தெரிந்தது. ஒரு நிமிடம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"உள்ள போயிடலாம்பா. அந்தக் கதவுகிட்ட உயரமா நிக்கிறாரே, அவர் பார்த்தா மானமே போயிடும்."

கதவருகே நின்றது நெட்டையன். இவர் இடைவேளைக்கு வந்ததால் இவர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன், அவன் என்ன பண்ணான்?"

"அவர் ஒண்ணும் பண்ணல. நான்தான்." அவள் குரல் இன்னும் தணிந்தது. "அன்னைக்கு ஒருநாள் ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிட்டு வந்தேன். எங்க அப்பாவைக் காட்டுறேன்னு அவளுங்ககிட்ட ஒரே பெருமை. இங்க வந்து பார்த்தா எல்லாரும் ஒரே சட்டை, ஒரே தொப்பி. மாடி, கீழேன்னு தேடித் தேடிப் பார்த்தேன். கடைசியில கார் நிறுத்துற பக்கம் இவர் நின்னாரு. உங்க உயரம் மாதிரியே இருந்துச்சு. ஓடிப்போய் 'அப்பா'ன்னு கையைப் பிடிச்சுட்டேன். கிட்டத்துல முகத்தைப் பார்த்ததும் செத்தேன். அவளுங்க இன்னும் அதைச் சொல்லியே ஓட்டுறாளுங்க. உங்ககிட்ட சொன்னா நீங்களும் சிரிப்பீங்கன்னு சொல்லல. அப்புறம் நீங்கதான் பேசவே இல்லையே."

பெத்தவனை அடையாளம் தெரியாத கழுதை. எந்த வீட்டுல வளர்ந்துச்சோ.

தன் வாயாலேயே சொன்னது, அத்தனை பேர் நடுவில். நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போல இருந்தது அவருக்கு. இங்கேயே, இந்தத் தரையிலேயே ஒரு பள்ளம் விழுந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலைத் தொல்லை, அதனால்தான் பேசவில்லை என்று ஏதாவது அளந்துவிடலாம். அவள் நம்பிவிடுவாள். பிள்ளை அப்படிப்பட்டவள். அதை நினைத்ததும் அவருக்கு இன்னும் கூசியது.

"அன்னைக்கு நான் அங்கதான் நின்னேன்" என்றார். "அவன் நிக்கிற அதே இடத்துல. நீ எஸ்கலேட்டர்ல இறங்கி வந்ததைப் பார்த்தேன்."

"பார்த்தீங்களா? அப்ப ஏன்பா கூப்பிடல?"

"கையைத் தூக்கினேன்."

மகள் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். எஸ்கலேட்டரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவள் ஒன்றும் மக்கு இல்லை. கேள்வி வருவதற்குக் கொஞ்ச நேரம்தான் ஆனது.

"பார்த்தும் பார்க்காத மாதிரி போயிட்டேன்னு நெனச்சீங்களா?"

அவர் கையிலிருந்த வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் சட்டையைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன்னா?"

அவர் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில்தான் பாலிஷ் போட்டது.

"நான் அப்படிப் பண்ணுவேன்னு எப்படிப்பா நெனச்சீங்க?"

அவள் கத்தியிருந்தால், அழுதிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்.

தூரத்தில் நெட்டையன் இவரைக் கவனித்துவிட்டான். இடைவேளை முடிந்துவிட்டதா என்று கேட்பதுபோல் கையைத் தூக்கி ஆட்டினான். கூட்டத்துக்கு மேலே அந்தக் கை தெளிவாகத் தெரிந்தது.

மகள் அதைப் பார்த்தாள். அது கீழே இறங்கும் வரை பார்த்தாள்.

"இப்படித்தான் தூக்கினீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

கடைக்குள்ளிருந்து பரிசோதகரின் குரல் கேட்டது. "எப்படிம்மா இருக்கு? தலை எதுவும் சுத்துதா?"

"இல்ல மேடம். நல்லாத் தெரியுது" என்றாள் மகள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவர் முகத்தை. அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு அதைக் கண்ணை மறைக்கும்படி நெற்றிக்குக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டார்.