பல் அட்டையும் விமான விளக்கும்

"அத்தான், இது ப்ளேனா, இல்ல நீங்க பல்லு புடுங்கற ரூமா?"

"கத்தாதே மச்சான்! பளிச்சுனு இருந்தா உனக்கென்ன கண்ணா கூசுது?"

"ஆமா, கூசுது! அதைத்தானே காலையிலேர்ந்து கத்தறேன்!"

விமானக் கொட்டகைக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். துணி காயப்போட வந்தவர்கள் ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டோம். கையில் காசு சேர்ந்தால் ஊரில் எல்லோரும் மாடி கட்டுவார்கள். எங்கள் பல் டாக்டர் ஆறு பேர் உட்காரும் விமானம் வாங்கினார். அதை ஓட்டுவது அவர் மனைவியின் தம்பி.

உள்ளே இருந்த மஞ்சள் பல்புகள் சூடேறிச் சூடேறி மூடிகளையே பொசுக்கிவிட்டன. சரி, எல்.இ.டி. போடலாம் என்று டாக்டரே வாங்கி வந்தார். அதுவும் ஆபரேஷன் தியேட்டர் வெள்ளை. பழைய டிம்மரைத் திருகினால் அது மங்குவதாயில்லை. எரிந்தால் முழுசாய், இல்லாவிட்டால் ஒரேயடியாய் இருட்டு.

"இருட்டினப்புறம் முன்கண்ணாடியில ஓடுபாதை தெரியல, என் மூஞ்சிதான் தெரியுது," என்றான் தம்பி. "அதைப் பாத்தா இறக்க முடியும்? வேற கம்பெனியில கூப்பிடறாங்க. விளக்கை மாத்துங்க, இல்ல நான் கிளம்பறேன்."

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. அவளுக்குப் பிறந்த வீடென்று மிஞ்சியது இந்தத் தம்பி ஒருவன்தான்.

"ஏங்க, நீங்களே அவன் சீட்ல உக்காருங்க," என்று கணவரைத் தள்ளி ஏற்றினாள். கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்விளக்கைப் போட்டு, விமானத்தின் மூக்குக்கு எதிரே நின்றுகொண்டாள். "எத்தனை விரல் காட்டறேன்?"

வேலிப் பக்கத்து ஜன்னல் வழியே நாங்கள் எட்டிப் பார்த்தால், மனிதர் கண்ணாடியில் தன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைவாய்ப் பல்லு ஒண்ணு கறுத்திருக்கே! எப்படி கவனிக்காம விட்டேன்?"

"உங்களைக் கட்டிக்கிட்டு..." என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒருவழியாக டாக்டர் இறங்கி வந்தார், விமானத்திலிருந்தும் வீம்பிலிருந்தும். கொட்டகையில் வேலை பார்த்த மெக்கானிக் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்பானர். "இதமான மஞ்சள்ல ஒண்ணு வருது, டாக்டர். அதுக்குன்னு டிம்மரும் இருக்கு. சரின்னு சொன்னா இன்னைக்கே வரவழைச்சுடறேன்," என்றாள் அவள்.

சரி என்று சொல்லியிருக்கலாம். மனிதர் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். பொய்ப்பல் கட்ட நிறம் பார்ப்பார்களே, பல் பல்லாய் ஒட்டிய அட்டை, அதேதான். "அவ்வளவு மஞ்சள் வேண்டாம்மா, கறை புடிச்ச மாதிரி இருக்கும். இந்த ரெண்டாவது பல்லுக்கும் மூணாவது பல்லுக்கும் நடுவுல ஒரு நிறம் பாரு."

ஸ்பானர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே போட்டாள். "டாக்டர், விளக்குக் கடையில பல்லு விக்கறதில்ல!"

தம்பி தொப்பியை எடுத்துக்கொண்டு வேலியோரமாக நடந்தான். அக்கா பின்னாலேயே ஓடினாள்; அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் கேட்ட நிறத்தை ஸ்பானர் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் வெளியூரில் வேலையில் சேர்ந்துவிட்டான். கொஞ்ச நாளில் ஸ்பானரும் அதே ஊருக்குப் பெட்டி கட்டினாள். தற்செயல் என்றார்கள், நாங்களும் நம்பினோம், கல்யாணப் பத்திரிகை வரும்வரை. கல்யாணத்துக்குப் போன அக்கா தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். விமானத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அவளை அழைத்துவரப் பஸ் ஏறிய டாக்டரும் அங்கேயே க்ளினிக் போட்டுவிட்டாராம். எங்கள் தெருவில் டாக்டர் இருந்த வீட்டில் இப்போது ஒரு தையல்காரர் குடும்பம். புருஷன் பெண்டாட்டி சத்தமே வெளியில் வருவதில்லை. என்ன குடித்தனமோ!