பதினான்காம் நிமிஷத்து அறிவிப்பு

ஏணியின் ஐந்தாம் படியில் நின்று கூரையோரத்து வெடிப்புக்குப் பட்டி இழுத்துக்கொண்டிருந்த ஜெயபாலின் காதில், அவன் பெண்சாதியின் பெயரை யாரோ ஒருத்தி கணீரென்று சொன்னாள்.

ராஜம் என்ற பெயரை அல்ல. தில்லியில் எல்லாருக்கும் அவள் ராஜம்தான். முனிர்காவில் வீட்டுக்காரனுக்கு, ரேஷன் அட்டைக்கு, கட்டிக்கொடுத்த மகளுக்குக்கூட ராஜம். குரல் சொன்னது சுந்தரவல்லி என்ற பெயரை. முப்பத்திரண்டு வருஷமாகப் புருஷன் வாயிலிருந்துகூட வராத பெயர்.

"வயது பதினெட்டு. மாநிறம். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். வலது புருவத்தின் மேல் தழும்பு. காணாமல் போன அன்று பச்சைப் பாவாடையும் மஞ்சள் தாவணியும் அணிந்திருந்தார்."

பிறகு அப்பன் பெயர். ஊர்ப் பெயர். கண்டவர்கள் தகவல் சொல்ல வேண்டிய காவல் நிலையத்தின் பெயர். டேப்பில் ஒரு மணியோசை வந்தது, நாடகம் ஆரம்பமானது.

ஜெயபால் கையிலிருந்த பட்டித் தகடு தரையில் விழுந்து தெறித்தது.

"என்னப்பா, பாத்து!" என்றார் ராஜகோபாலன். "எம்பிள்ளை உன்னைக் கூப்பிட்டது செவுத்துக்கு வர்ணம் அடிக்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு ஓட இல்லே."

ராஜகோபாலனுக்கு எழுபத்தாறு வயது. சர்க்கார் வேலையில் திருச்சியில் கொஞ்ச காலம், தில்லியில் மிச்ச காலம் என்று கழித்துவிட்டு, இப்போது ஆர்.கே.புரத்தில் மகனுடைய குவார்ட்டர்ஸில் ஒரு அறையில் இருந்தார். அந்த அறையில் மனுஷன் படுக்க ஒரு கட்டில் போக மீதியெல்லாம் கேசட். திருச்சியில் இருந்த வருஷங்களில் ரேடியோவில் வந்ததையெல்லாம் டேப்பில் பிடித்து வைத்தவர். இப்போது ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 'பழைய ஒலிபரப்பு அன்பர்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ஊரில், வளைகுடாவில், மலேசியாவில் என்று அதில் தொள்ளாயிரம் பேர். வேலைக்கு வந்த முதல் நாளே, "நீயும் ரேடியோ கேட்ட ஆள்தானே" என்று ஜெயபாலையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார்.

ஜெயபால் இறங்கி வந்து தகட்டை எடுத்தான். 

"இது எப்ப புடிச்சது சார்?"

"தொண்ணூத்தி மூணு. நாடகத்துக்காகப் பிடிச்சேன். ஆனா கேளு, நாடகம் எவன்கிட்டேயும் கிடைக்கும். நடுவுல வர அறிவிப்பு இருக்கே, வானிலை, பூச்சி மருந்து, காணாமப் போனவா... அதை எவன் சேத்து வெச்சிருக்கான்? அதுக்காகவே எங்க குரூப்ல உயிரை விடுவா. நாளைக்குப் போட்டுடறேன், பாரு."

"அந்தப் பொண்ணு சேதிய மட்டும் எடுத்துட்டுப் போடுங்க சார்."

"ஏன்?"

"வேணாம் சார். பாவம்."

"பாவமா! நடுவுல ஒருத்தர் தும்மியிருந்தாக்கூட நான் வெட்டமாட்டேன். வெட்டினா அப்புறம் அது என்ன பதிவு?"

ஜெயபால் மறுபடியும் ஏணியில் ஏறினான். இரண்டு படி ஏறி நின்றான். வீட்டாருக்குத் தெரியாமல் ராஜமும் அவனும் ஊரைவிட்டுக் கிளம்பின நாலாம் நாள் அவன் தம்பி சுப்பு கிணற்றில் கிடந்தான். நீச்சல் தெரிந்தவன். கால் தவறி விழுந்தான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். கைகள் பின்னால் கட்டியிருந்ததைப் பார்த்தவர்கள் தெருவில் பத்துப் பேர் உண்டு, சொன்னவர் ஒருவரும் இல்லை. ஆறு வருஷம் கழித்து, யமுனைக்கரைக் குடிசையில் இருந்தபோது, ராஜத்தின் அண்ணன் தட்சிணாமூர்த்தி ஆள் வைத்து விசாரிக்கிறான் என்று காதில் விழுந்தது. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்க, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்படியே கிளம்பினார்கள். அந்தச் சோறு என்ன ஆனதோ தெரியாது.

இறங்கி வந்தான். "அது என் சம்சாரம் சார்."

எல்லாவற்றையும் சொன்னான். கிணற்றையும் சொன்னான். ராஜகோபாலன் டேப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் வெட்டிடறேன்ப்பா. மலை மந்திர் முருகன் மேல ஆணை. நீ நிம்மதியா இரு."

அன்றைக்கு ஜெயபால் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம், வேப்பமரத்தடியில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்தபோது போன் சிணுங்கியது. ராஜகோபாலன் பதிவைப் போட்டுவிட்டிருந்தார். ஜெயபால் போனைக் காதோடு ஒட்டிவைத்துப் பதினான்காம் நிமிஷம் வரை கேட்டான். வானிலை வந்தது. புகையான் பூச்சிக்கு மருந்து வந்தது. மணியோசை, நாடகம். நடுவில் தையல் போட்ட இடம்கூடத் தெரியவில்லை. அப்பாடா என்று ஒரு வாய் சோறு எடுத்தான்.

அப்போதுதான் பதிவுக்குக் கீழே நாலு வரி எழுத்து இருப்பதைப் பார்த்தான். நாற்பது வயதுக்கு மேல் ராஜம் சொல்லிக்கொடுத்த எழுத்து. ஒவ்வொன்றாக விரல் வைத்துத்தான் படிப்பான்.

'குறிப்பு: பதினான்காம் நிமிஷத்தில் ஒலித்த, இளம்பெண் ஒருவர் காணாமல் போனது பற்றிய அறிவிப்பு (ஒரு நிமிஷம் பத்து விநாடி) நீக்கப்பட்டுள்ளது. சம்பந்தப்பட்ட அம்மையார் இன்று தில்லியில் நலமாக வாழ்கிறார். அவர் கணவரின் வேண்டுகோளை ஏற்று நீக்கினேன்.'

படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முடிவதற்குள் கீழே பூக்களும் கும்பிட்ட கைகளுமாக வந்து நிறைந்துவிட்டன. ஒருவர் 'மெய்சிலிர்க்கிறது' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அம்மையாரைப் பேட்டி எடுத்துப் போடச் சொல்லியிருந்தார்.

ஜெயபால் கையைக் கழுவாமல் மாடியேறினான்.

"என்ன சார் இப்படி எழுதி வெச்சிருக்கீங்க?"

"வெட்டினா வெட்டினேன்னு சொல்லணும்ப்பா. எங்கே, எவ்வளவு, எதுக்கு. அதுதான் எங்க வழக்கம். சொல்லாம வெட்டினா அது மோசடி." அவர் முகத்தில் கள்ளம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "பேர் போட்டேனா? ஊர் போட்டேனா? தில்லின்னு மட்டும்தானே போட்டேன். ரெண்டு கோடிப் பேர் இருக்கான் தில்லியிலே!"

"அழிங்க சார்."

"அச்சா, அழிச்சுடறேன். ஏன் இப்படிப் பதர்றே?"

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் போன் மறுபடி சிணுங்கிற்று. கோயம்புத்தூரில் இருக்கும் ப்ரசன்னா என்ற அன்பர் எழுதியிருந்தார்: 'ஐயா, அதே நாள் ஒலிபரப்பு என்னிடமும் இருக்கிறது. தாங்கள் விட்ட பகுதியை முழுமைக்காக இங்கே இணைக்கிறேன்.'

ராஜகோபாலன் அதை அமுக்கினார். "வயது பதினெட்டு. மாநிறம்..." என்று குரல் அறை முழுக்கக் கேட்டது.

தன் குறிப்பை அவர் அழித்தார். ப்ரசன்னாவைக் கெஞ்சி அதையும் அழிக்க வைத்தார். அதற்குள் முப்பது பேர் வேறு குழுக்களுக்கு அனுப்பிவிட்டார்கள். 'யாராவது இவரை அறிவீர்களா' என்ற ஒரு வரியோடு அது எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. கிணற்றில் விழுந்த ஆளையாவது தூக்கலாம், இதை எங்கே போய்த் தூக்குவது என்று ஜெயபால் நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் உடம்பு கூசியது.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. உப்புத்தாள் தேய்த்தான், முதல் கோட்டு அடித்தான். தெருவில் தமிழ்ப் பேச்சு கேட்டால் பிரஷ் நின்றுவிடும். ஆர்.கே.புரத்தில் எந்தத் தெருவில்தான் தமிழ்ப் பேச்சு கேட்காது?

மூன்றாம் நாள் காலை, அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ராஜகோபாலன் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வெளிச்சம்.

"உன் மச்சான் பேசினார்ப்பா! தட்சிணாமூர்த்தி. யார்கிட்டேயோ நம்பர் வாங்கிப் பேசினார். என்ன மரியாதை! அழுதுட்டார். பழசையெல்லாம் மறந்தாச்சாம். அம்மா படுத்த படுக்கையா இருக்காளாம், பொண்ணை ஒருதரம் பாத்துட்டுக் கண்ணை மூடணும்னு சொல்றாளாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்லுவேன்... நல்லா இருக்கா, அவ ஆத்துக்காரர் எங்காத்துலதான் வர்ணம் அடிக்கறார்னு சொன்னேன்."

"சார்."

"என் வீட்டு அட்ரஸ்தான் குடுத்தேன். உங்காத்து அட்ரஸ் எனக்குத் தெரியவே தெரியாதே. முனிர்கான்னு மட்டும்..." அவர் கையை விட்டார். "வாயில வந்துடுத்துப்பா. நாளைக்குச் சாயங்காலம் வண்டி வரது. தம்பி ரெண்டு பேரோட வரார். உன்கிட்டே சொல்ல வேண்டாம், நேர்ல வந்து சந்தோஷப்படுத்தறோம்னார். எனக்குத்தான் மனசு கேக்கலே."

ஜெயபால் பிரஷ்ஷையும் எடுக்கவில்லை, ஏணியையும் எடுக்கவில்லை. நடந்தே முனிர்கா வந்தான்.

ராஜம் சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் விடுதியில் பாத்திரம் துலக்கிவிட்டு அப்போதுதான் வந்து காலை நீட்டியிருந்தாள். "என்னங்க, பாதி வேலையில வந்து நிக்கிறீங்க? பெருசு தொரத்திவுட்டுருச்சா?"

அவன் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னான். கடைசியில், "ஒங்கம்மா படுக்கையில கெடக்குதாம்" என்றான்.

"எந்த அம்மா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"எங்கம்மாவுக்கு நான் வாய்க்கரிசி போட்டப்ப எனக்குப் பதினோரு வயசு. மறந்துட்டீங்களா?"

அவன் மறக்கவில்லை. அந்தக் கிழவர் சொன்னபோதே தெரியும். அவள் வாயால் ஒருதரம் கேட்டுவிட்டால் வேறு மாதிரி ஆகிவிடாதா என்று ஒரு நப்பாசை.

"அதக் குடுங்க. நான் கேக்கணும்" என்றாள்.

யாரோ குழுவில் மறுபடி போட்டிருந்த அந்த அறிவிப்பை ஓடவிட்டுப் போனைக் கொடுத்தான். புருவத்தழும்பு வந்த இடத்தில் அவள் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. தாவணி மஞ்சள் இல்லை, அரக்கு என்றாள். 

"கெளம்பலாம். மக வீட்டுக்கு..." என்றான் ஜெயபால்.

"அவ வீட்டு வாசலுக்கும் அவனுங்கள இட்டாந்து வுடச் சொல்றீங்களா?"

போலீஸ் சௌக்கிக்குப் போனார்கள். மேசையில் இருந்தவன் பாதி கேட்டுவிட்டு, "குச் ஹுவா கியா?" என்றான். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள். "நடந்தால் வாருங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றான் இந்தியில், நல்லபடியாகத்தான்.

மறுநாள் ராஜம் வேலைக்குப் போகவில்லை. மூன்று மணிக்கு அவன் போனை வாங்கினாள். "அந்தக் குரூப்புல நாம பேசினா எல்லாருக்கும் கேக்குமா?"

"கேக்கும்."

அவள் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை.

"நாந்தான் சுந்தரவல்லி. நான் காணாமப் போவல. நானாத்தான் வந்தேன். எம் புருசன் பேரு ஜெயபாலு. அவரு தம்பி சுப்புவக் கையைக் கட்டிக் கெணத்துல போட்டவங்க எங்கண்ணன் தட்சிணாமூர்த்தியும் கூடப் பொறந்தவங்களும். செத்துப்போன எங்கம்மா பேரைச் சொல்லிக்கிட்டு இன்னிக்குச் சாயங்காலம் தில்லியில எறங்கறாங்க. இதக் கேக்குற தொள்ளாயிரம் பேரும் கேட்டுக்கங்க. எனக்கோ அவருக்கோ ஒண்ணு ஆச்சுன்னா, யாருன்னு ஒங்களுக்குத் தெரியும்."

விரலை எடுத்தாள். போய்விட்டது.

பூக்கள் வரவில்லை. கும்பிட்ட கைகள் வரவில்லை. கேட்டவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. ராஜகோபாலன் நாலு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து ப்ரசன்னா ஒரு வரி எழுதினார்: 'அம்மா, இதை நான் சேமித்து வைத்துக்கொள்ளலாமா?'

ஜெயபால் விரல் வைத்துப் படித்துச் சொன்னான்.

"வெச்சிக்கச் சொல்லுங்க. ஒரு எழுத்து வெட்டாம."

அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அதை அடித்து அனுப்பினான். மணி ஐந்தேகால். வண்டி வந்திருக்கும். வர்ணம் அடிக்கிற தமிழன் வீடு எது என்று முனிர்காவில் கேட்டால் எவனும் காட்டிவிடுவான். அவர்கள் அறை மூன்றாம் மாடி. படிக்கட்டு ஒரு ஆள் அகலம். மாடிக்கு மாடி படிக்கிற பையன்களும் பெண்களும் குடியிருக்கும் வீடு, யாராவது ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும். கீழே காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் இல்லை, இரண்டு மூன்று பேர். ஜெயபால் எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

ராஜம் வந்து அதை எடுத்துவிட்டாள். இரண்டு கதவையும் சுவரோடு சாய்த்துத் திறந்தாள். எதிர் அறைக் கதவைத் தட்டி, அங்கே இருந்த மாணவியிடம், "பேட்டா, தர்வாஜா குலா ரக்னா" என்று கதவைத் திறந்தே வைக்கச் சொன்னாள்.

"பூட்டின கதவுக்குள்ள நடக்கறது எவனுக்குத் தெரியப் போவுது" என்றாள் ஜெயபாலிடம்.

வாசலுக்கு நேரே, படி தெரிகிற மாதிரி, இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். காலடிகள் இரண்டாம் மாடியைத் தாண்டி மேலே வந்துகொண்டிருந்தன.