பென்னி செய்த ரௌட்டர்

கம்பெனியில் பேக்கிங் பகுதியின் பின்கதவை ஷிஃப்ட் முடியும்வரை பூட்டியே வைக்கிறார்கள் என்று ஷைனி சொன்னதும், அவள் கணவன் பென்னி சாப்பிடுவதை நிறுத்தினான்.

"தீப் புடிச்சா எப்படி வெளிய வருவீங்க?"

"மேனேஜர் அருணாச்சலம் சார் சாவி வெச்சிக்கினு இருக்காரு. அவரு வந்து தொறக்கணும்."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்தக் கம்பெனிக்குச் சென்னையில் தலைமை அலுவலகம் உண்டு. பெயர் சொல்லாமல் புகார் அனுப்ப ஓர் இணையப் பக்கமும் வைத்திருந்தார்கள். ஆனால் ஆரம்பாக்கத்தில் இவர்கள் வீட்டுக்கு நெட் கொடுப்பவன் மேனேஜரின் தம்பி அன்புராஜ். யார் வீட்டிலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிறார்கள் என்று அவனால் பார்க்க முடியும். ஷைனிக்கு வேலை நிரந்தரமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

பென்னி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நெட்வொர்க் கேபிள் பார்ப்பவன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு ரௌட்டர் பெட்டி செய்தான்.

"இனிமே நம்ம ஊட்லர்ந்து எது போனாலும் வெளிநாட்ல மூணு மிஷினுக்குள்ள பூந்துதான் போவும். மொத மிஷினுக்கு நம்ம ஊடு தெரியும், எங்க போறோம்னு தெரியாது. கடைசி மிஷினுக்கு எங்க போறோம்னு தெரியும், நம்ம ஊடு தெரியாது."

"செல்லுல ஒரு ஆப் போட்டா போதாதா?"

"நீ ஆன் பண்ண மறந்துடுவ. இது எல்லாத்துக்கும் சேர்த்து. வழி அறுந்தா நெட்டே நின்னுடும். சுத்திப் போவும், நேரா மட்டும் போவாது."

அவன் அப்பா ஆசீர்வாதம் டிவி முன்னாலிருந்து குரல் கொடுத்தார். "டேய், பாட்டு போட்டா எவனோ வெள்ளக்காரன் சோப்பு விக்கிறான்டா."

"ரெண்டு வாரம் பொறுத்துக்கோ நைனா."

சனிக்கிழமை மதியம் ஷைனி புகாரை அனுப்பினாள். என்ன எழுதினாய் என்று பென்னி செல்லை வாங்கிப் பார்த்தான். முதல் வரியிலேயே அவன் முகம் மாறியது. 'கர்த்தருக்குள் அன்பான ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.'

ஹாஸ்டலில் படித்த நாளில் அம்மாவுக்கு எழுதிய பழக்கம். கை தானாக எழுதிவிட்டது. பேக்கிங்கில் நாற்பத்திரண்டு பெண்கள். கிறிஸ்தவப் பெண் அவள் ஒருத்திதான்.

பென்னி திட்டவில்லை. "பொட்டி ஊட்டதான் மறைக்கும். உன்ன மறைக்காதுன்னு எனக்குத் தோணாம போச்சே" என்று தன்னையே நொந்துகொண்டான்.

புகாரின் நகல் தலைமை அலுவலகத்திலிருந்து புதன்கிழமை மேனேஜர் கைக்கு வந்துவிட்டது. ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லோரையும் நிற்கவைத்து முதல் வரியைப் படித்தார். "யாருன்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்களா வந்து சொன்னா நல்லது." அவர் ஷைனியைப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

மாலை கம்பெனி பஸ்ஸில் கன்னியம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரே மேஜையில் அட்டைப்பெட்டி ஒட்டுபவள்.

"அன்புராஜுக்குத் தெரியாம எப்படிமா அனுப்புன?"

ஷைனி தயங்கித் தயங்கி ரௌட்டரைப் பற்றிச் சொன்னாள்.

"அப்ப நாளைக்கு உங்க ஊட்டுக்கு வர்றேன். அந்தக் கதவப் பத்தி நானும் எழுதணும். அந்த மொத வரிய அப்படியே சொல்லு."

"அக்கா, நீங்க அம்மனுக்குக் கூழு ஊத்துறவங்க."

"ஆத்தா கோச்சிக்காது. பூட்டி வெச்சா அதுக்கும்தான் மூச்சு முட்டும்."

மறுநாள் கன்னியம்மாவோடு இன்னும் ஆறு பேர் வந்தார்கள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியும் தான் பயந்ததைத் தன் செல்லில் எழுதினாள். ஆசீர்வாதம் முதல் வரியை வேதபாடம் போல நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார். "ஏம்மா, நாலாவது ஆளு, ஸ்தோத்திரத்த உட்டுட்ட பாரு." பென்னி ஒவ்வொன்றையும் இடைவெளி விட்டு அனுப்பச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் மேஜையில் எட்டுக் கடிதங்கள் இருந்தன. எட்டும் ஒரே மாதிரி தொடங்கின. அவர் யாரையும் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்து பூட்டையும் சங்கிலியையும் கழற்றி எடுத்துப் போனார்கள்.

ஷைனி வழக்கம்போல மேஜைக்கு வந்து ஒட்டு டேப்பை எடுத்தாள். எதிரே கன்னியம்மா. எதையாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து, புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழுவாத, டேப்பு ஒட்டாது" என்றாள் கன்னியம்மா. "எங்க ஊட்டுக்கும் அன்புராஜு கனெக்‌ஷன்தான். உன் ஊட்டுக்காரர இன்னொரு பொட்டி பண்ணச் சொல்லு."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷைனி பென்னியைக் கூப்பிட்டு அதைத்தான் முதலில் சொன்னாள்.