சிரிப்புக்கு நூற்றைம்பது

மாரியம்மன் சிரிப்பதற்கு நூற்றைம்பது ரூபாய். கண் சிமிட்டினால் எழுபத்தைந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். கை தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவது பழைய விலையிலேயே நின்றது. இந்த முடிவுக்கு வர திம்மப்பனும் பாரூர்க் கோயில் கமிட்டிக்காரர் சின்னராஜும் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசி, முறைத்துக்கொண்டு பிரிந்து, பஸ் கிடைக்காத சாக்கில் திரும்பி வந்து, மறுபடி பேசியிருந்தார்கள்.

விலை வைத்த திம்மப்பன் இப்போது உள்ளறைக் கட்டிலில் உயிரில்லாமல் கிடந்தார். மகள் முனிரத்னா கூடத்தில் உட்கார்ந்து, அந்தச் சிரிப்புக்கான கடைசிப் பித்தளைத் தகட்டைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தாள். செய்தி ஊருக்குத் தெரியாது. பாரூரிலிருந்து டெம்போ வந்து திருவிழா பல்பு போர்டை ஏற்றிக்கொண்டு போகிறவரை தெரியவும் கூடாது.

"மெதுவாத் தட்டு ரத்னா" என்றாள் உள்ளேயிருந்து அம்மா சரசம்மா. "அவரு முழிச்சிக்கப் போறாரு."

சுத்தி அந்தரத்தில் நின்றது. இருபது வருஷப் பழக்கம் வாயில் வந்துவிட்டது என்று அம்மாவுக்கும் தெரிந்துபோயிற்று. பிறகு ரத்னா மெதுவாகவே தட்டினாள். 

அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று முந்தின நாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மா போன் பண்ணியதும் பெங்களூரிலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து குருபரப்பள்ளிக்கு வந்திருந்தாள். அப்பா எழுந்து உட்கார்ந்து, "இதுக்குப் போயி லீவு போட்டியா?" என்று அவளையே திட்டினார். போர்டு போன மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். காலையில் ஏழு மணிக்குக் காப்பி டம்ளரை வாங்கக் கை நீட்டினார். கை வந்தது, ஆள் வரவில்லை.

அம்மா வாயைத் திறந்தாள். தெரு அதிரப் போகிறது என்று ரத்னா நினைத்தாள். அதற்குள் அம்மா முந்தானையைச் சுருட்டித் தன் வாய்க்குள்ளேயே திணித்துக்கொண்டாள். கண் மட்டும் பிதுங்கியது. கொஞ்சம் அடங்கியதும் துணியை எடுத்துவிட்டு, "டெம்போ வரட்டும்" என்றாள்.

"அம்மா..."

"சாவு வூட்டு போர்ட கோயில்ல ஏத்துவாங்களாடி? காப்புக் கட்டியாச்சு. தீட்டுன்னு சொல்லி பெங்களூர் செட்டு வாடகைக்கு எடுத்துருவாங்க. இத்தினி வருசமும் கைய மட்டும் ஆட்டச் சொன்ன கஞ்சப் பசங்க, இந்த வருசந்தான் மூஞ்சிக்கு ஒத்துக்கினாங்க. அது ஒரு தடவையாச்சும் எரியட்டும்."

"அம்மனுக்குத் தீட்டு ஆவாதா?"

"அவளுக்கென்ன, அவளுக்குத் தெரியாததா? கமிட்டிக்குத்தான் தெரியக் கூடாது."

ஓசூர் கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக ஷிப்டு பார்த்த நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் திம்மப்பன் திருவிழாக்களுக்கு சீரியல் போர்டு செய்தார். தெரிந்துகொண்டால் பெரிய வித்தை இல்லை. பலகையில் ஓட்டை போட்டு வரிசையாகக் கலர் பல்பு. தாழ்ந்த கைக்கு ஒரு வரிசை, பாதி தூக்கிய கைக்கு ஒன்று, முழுக்கத் தூக்கியதற்கு ஒன்று. பின்னால் சின்ன மோட்டாரில் சுற்றும் மர உருளை. அதில் எந்தத் தகடு கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும். தகடு இல்லாத இடத்தில் இருட்டு. மற்ற செட்டுக்காரர்களின் அம்மன் மாவாட்டுகிற வேகத்தில் கையை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பாள். திம்மப்பனின் அம்மன் கையைத் தூக்கி, அங்கேயே கொஞ்சம் நிறுத்தி, 'இந்தக் கும்பலுக்குக் கொடுக்கலாமா' என்று யோசித்துவிட்டுத்தான் இறக்குவாள்.

சின்னப் பெண்ணாக ரத்னா கோயிலுக்குள் போனதே குறைவு. வெளியே போர்டைப் பார்த்துக் கண்ணில் நீர் கட்ட நின்றிருப்பாள். இப்போது பெங்களூரில் ஒரு விளம்பர ஸ்டுடியோவில், கம்ப்யூட்டரில் எழுத்துகளை நகர்த்துவது வேலை. சோப்பின் பெயர் நுரையிலிருந்து எழும்பி வரவேண்டும், பிஸ்கெட்டின் பெயர் உருண்டு வந்து நிற்கவேண்டும். இன்டர்வியூவில் முன்னால் போனவர்களெல்லாம் வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர்களாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். இவளிடம், "யாரைப் பார்த்து இதில் ஆசை வந்தது?" என்று முதலாளி கேட்டபோது, "பாரூர் மாரியம்மன் சார்" என்றாள். அவர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு கேட்கப் பயந்து வேலை கொடுத்துவிட்டார். அவள் செய்கிற எழுத்துகள் வந்ததும் கொஞ்சம் நின்று பார்க்கும். "ஏன் நிக்குது?" என்பார் முதலாளி. இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "சரி, நிக்கட்டும்" என்பார்.

உருளையில் மற்ற தகடுகளின் இடமெல்லாம் அப்பா சாக்பீஸால் குறித்து வைத்திருந்தார். சிரிப்புக்கு மட்டும் குறி இல்லை. எவ்வளவு இருட்டு விட்டு அதை வைப்பது? கண் சிமிட்டியதும் வைத்தால் பல்பொடி விளம்பரமாகிவிடும். ரொம்பத் தள்ளி வைத்தால் ஃபியூஸ் போய்விட்டதென்று ஜனங்கள் கத்துவார்கள்.

ரத்னா உள்ளே எட்டிப் பார்த்தாள். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அப்பா சிரிக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

அவர் விலை பேசுகிறபோது பார்க்கவேண்டும். எதிராளி அடிமாட்டு விலை ஒன்று சொல்வான். அப்பா உதட்டை மூடிக்கொண்டு அவனையே பார்ப்பார். காதில் விழவில்லையோ என்று அவன் மறுபடி வாயைத் திறக்கப் போகிற சமயம் பார்த்து, இடது ஓரத்தில் சிரிப்பு ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு அந்த விலையை அவனே இன்னொரு தடவை சொல்லமாட்டான்.

அந்த அளவுக்கு இருட்டை விட்டு ரத்னா தகட்டைப் பதித்தாள்.

"ஏனம்மா சரசு, அண்ணாக்கு எப்பிடிருக்குது?" வாசலில் குரல். பக்கத்து வீட்டு மாரம்மா, ஆனேக்கல்காரி, கையில் கஞ்சிச் சொம்போடு.

அம்மா வெளியே வந்து வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றாள். "இப்பத்தான் கண்ணசந்தாரு."

"எழுப்பிக் குடு. வெறும் வயித்துல தூங்க வைக்கலாமா?"

"எழுப்புனா கோச்சிக்குவாரு மாரம்மா. கஞ்சிய வெச்சிட்டுப் போ."

அவள் போனதும் அம்மா கஞ்சிச் சொம்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். வேறு எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

டெம்போ வந்தது. டிரைவர் சென்றாயனுக்கு முன்னால் சின்னராஜ் குதித்தார். வெல்ல மண்டிக்காரர். எதைத் தொட்டாலும் ஒட்டுகிறதா என்று விரலைத் தேய்த்துப் பார்க்கும் பழக்கம்.

"எங்க மேஸ்திரி? ஓட்டிக் காட்டாம ஏத்த மாட்டேன், சொல்லிட்டேன்."

"அப்பாக்கு ஒடம்பு சரியில்லண்ணா. நான் ஓட்டறேன்."

போர்டைச் சுவரில் சாய்த்து, கதவு ஜன்னலைச் சாத்தி, ரத்னா பிளக்கைச் சொருகினாள். உருளை கரகரத்தது. பச்சைக் கை எழுந்து, நின்று, யோசித்து, இறங்கியது. கண் ஒரு தரம் மூடித் திறந்தது. பிறகு ஒன்றுமில்லை. அம்மன் சின்னராஜையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிப்பு எங்கம்..." என்று அவர் வாயைத் திறந்தார்.

இடது ஓரத்தில் சிவப்பு பல்பு ஒன்று எரிந்தது. அடுத்தது. அடுத்தது.

சின்னராஜ் வாயை மூடிக்கொண்டார். இன்னொரு சுற்று பார்த்தார். "அடப்பாவி மனுசா" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். "எத்தினி வருசமா எனக்குக் காட்ற சிரிப்பு! அம்மனுக்கே குடுத்துட்டியே! எங்கய்யா நீ?" என்று உள்ளறைப் பக்கம் நடந்தார்.

ரத்னா எழுந்திருப்பதற்குள் அவர் நிலைப்படியை அடைந்துவிட்டார்.

அம்மா விசிறியை நிறுத்தவில்லை. "தூங்கறாருங்ணா" என்றாள்.

போர்வை கழுத்துவரை ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் கால்மாட்டில் விலகியிருந்தது. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணியால் முடிச்சுப் போட்டிருந்தது. அழுகையை அடக்கத் தெரிந்தவளுக்கு, இறந்தவரின் கால் விரலைக் கட்டாமல் விட மனம் வரவில்லை.

சின்னராஜ் அந்த முடிச்சைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். விசிறி போய்ப் போய் வந்தது. வெளியே சென்றாயன் பீடி பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

"யோவ் திம்மப்பா" என்றார் சின்னராஜ். வெளியில் நிற்பவனுக்குக் கேட்கிற மாதிரி, நல்ல உரத்த குரலில். "சிரிப்புக்கு நூத்தம்பது ஜாஸ்திதான்யா. நூறு போட்டுக்க."

பதில் வாங்க நிற்பதுபோலவே நின்றார்.

"சரி சரி, மொறைக்காத. நீ சொன்னதே இருக்கட்டும்."

வெளியே வந்து, பேசிய தொகையை எண்ணி ரத்னா கையில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏன்ணா, மேஸ்திரி எந்திரிக்கலயா?" என்றான் சென்றாயன்.

"நீ போர்டத் தூக்குடா. பல்பு ஒடைஞ்சா ஒங்கப்பன் வூட்டுக் காசா?"

போர்டைப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி ஏற்றினார்கள். சின்னராஜ் முன் சீட்டில் ஏறிக்கொண்டு, எதிரே ஹைவேயைப் பார்த்தபடி, யாருக்கென்றில்லாமல் சொன்னார்: "நாங்க ஊரத் தாண்டப் பத்து நிமிசம் ஆவும்."

டெம்போ லாரிகளுக்கு நடுவே புகுந்து மறைந்தது. ரத்னா உள்ளே வந்தாள். அம்மா விசிறியைத் தரையில் வைத்திருந்தாள்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கம்மா."

"கேட்டுச்சா, சிரிப்புக்கு ஜாஸ்தின்னு? சாவு வூட்டுலயும் பேரம்."

"குடுத்துட்டாரும்மா. முழுசா."

அம்மா தலையாட்டினாள். ரத்னா பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரம் பதினொன்று காட்டியது. மாமாக்களுக்குப் போன் பண்ண வேண்டும். எத்தனை மணிக்கு உயிர் போயிற்று என்று எல்லோரும் கேட்பார்கள், அதை வைத்துத்தான் நட்சத்திரம் பார்ப்பார்கள்.

"பதினொன்னுன்னு சொல்லிரு" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "அப்ப, ஏழுலருந்து பதினொன்னு வரைக்கும் அவரு எந்தக் கணக்குலடி இருந்தாரு? இருந்தவர்லயா, போனவர்லயா?"

ரத்னா யோசித்தாள். "ஓ.டி.ம்மா. ஷிப்டு முடிஞ்சும் நாலு மணி நேரம் நின்னு வேலைய முடிச்சிக் குடுத்தாரு."

அம்மா அவிழ்ந்த கூந்தலைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓ.டி.ன்னா ரெட்டைக் கூலியாச்சே" என்றாள். "எட்டு மணி நேரம் வரணும்."

அப்புறம்தான் அழுதாள்.